உதவித்தொகை வாங்கும்போது சொந்தமாக டிசைன் வேலை எடுக்கலாமா?

தங்கச்சிமடம்காரி | ஏப்ரல் 22, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018இல் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து, அந்த வருடமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். ஐந்து வருடம் கழித்து வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்தது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 1800 ரூபாயாகக் கணக்கில் விழும். ஒன்றரை வருடம் வாங்கிவிட்டேன், இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருக்கிறது. அப்பா ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில்தான் இருக்கிறார்.

இதற்கிடையில் அண்ணனுடைய பழைய லேப்டாப்பில் கோரல்டிராவும் போட்டோஷாப்பும் நானாகவே பழகினேன். சித்தியுடைய மகளிர் குழுவில் கருவாடு பாக்கெட் போட்டு விற்கிறார்கள். நெத்திலிக்கும் சீலாவுக்கும் லேபிள் செய்து கொடு, ஒன்றுக்கு 2500 ரூபாய் தருகிறோம் என்கிறார்கள். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் விசிட்டிங் கார்டு, வாடகை அட்டை எல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

இந்த வேலையை எடுத்தால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களா? வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்பார்களா? அம்மாவுக்கு வேறு பயம். வாயைத் திறந்தால் பதிவே போய்விடும், இத்தனை வருட சீனியாரிட்டி போச்சு என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனோ, 600 ரூபாய்க்கு யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்கிறார். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

மண்டபம் மச்சான் | ஏப்ரல் 22, இரவு 10.31

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதுதான் சரி. வேலையையும் செய், பணத்தையும் வாங்கு. கையில் காசாக வாங்கினால் கதை முடிந்தது.

சேதுக்கரை | ஏப்ரல் 22, இரவு 11.05

மச்சான் சொல்வதைக் கேட்டு மாட்டிக்கொள்ளாதே தங்கச்சி. நான் இ-சேவை மையத்தில் உட்காருகிறவன். இந்தப் படிவத்தை எத்தனை பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

நீ வருடத்துக்கு ஒரு முறை சுய உறுதிமொழி ஆவணம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாய், இல்லையா? அதை எடுத்து ஒரு தடவை நிதானமாகப் படி. எங்கேயும் வேலையில் இல்லை, சுயதொழிலும் செய்யவில்லை என்று நீயே சொல்லியிருப்பாய். நம் ஆட்கள் அந்தத் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். 'சுயதொழில்' என்ற சொல் பெட்டிக்கடைக்கும் பொருந்தும், லேப்டாப்புக்கும் பொருந்தும். லேபிளுக்குக் காசு வாங்கிய அன்றிலிருந்து அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும்.

மற்ற நிபந்தனைகளையும் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், பதிவை விடாமல் புதுப்பித்து வந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு வயது 45 வரை, மற்றவர்களுக்கு 40 வரை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டத்துக்கு 600. மூன்று வருடத்தோடு நின்றுவிடும். இன்ஜினியரிங், மருத்துவம், சட்டம் மாதிரி தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குக் கணக்கே வேறு: பதிந்து ஒரு வருடம் போதும், பட்டதாரிக்கு மாதம் 1000, பத்து வருடம் வரை.

இதுவரை வாங்கியதைப் பற்றிக் கவலையே வேண்டாம். அந்த மாதங்களில் உனக்கு வருமானம் இல்லை, அது உனக்கு உரிய பணம். இனிமேல் வருவதுதான் கேள்வி. லேபிள் வேலையை எடுப்பதானால் உதவித்தொகையை நிறுத்தச் சொல்லிவிடு.

மண்டபம் மச்சான் | ஏப்ரல் 22, இரவு 11.20

அண்ணே, ஒன்று கேட்கிறேன். தடைக்காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 8000 ரூபாய் வருகிறது. 5000ஆக இருந்ததை 8000 ஆக்குகிறோம் என்று 2023இல் இங்கே எங்கள் மண்டபத்தில் நடந்த மாநாட்டில்தான் அறிவித்தார்கள். அந்த 61 நாளும் எங்கள் வாப்பா சும்மாவா இருக்கிறார்? வலை பின்னுகிறார், அடுத்தவர் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறார், கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறார். அதற்கெல்லாம் யாரும் உறுதிமொழி கேட்கவில்லையே. இந்தப் பிள்ளை ஒரு மீன் படம் போட்டால் மட்டும் குற்றமா?

கடலோடி மகன் | ஏப்ரல் 23, காலை 6.10

நல்ல கேள்வி. ராத்திரி படுத்துக்கொண்டு இதையேதான் யோசித்தேன்.

இரண்டும் ஒன்று இல்லை மச்சான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகக் கூடாது என்று தடுப்பதே அரசாங்கம்தான். உன் தொழிலை நான் நிறுத்தியிருக்கிறேன், அதற்கு இது ஈடு என்று கொடுக்கிற காசு அது. கரையில் நீ என்ன செய்கிறாய் என்பது அதற்குள் வரவே வராது. தங்கச்சிக்கு வருவது, வேலை கிடைக்காமல் இருக்கிறாய், கிடைக்கிற வரைக்கும் வைத்துக்கொள் என்று கொடுப்பது. வேலை வந்துவிட்டால் காரணம் போய்விடுகிறது.

ஆனால் உன் கோபம் எனக்கும் உண்டு. மாதம் 600 ரூபாயில் என்ன வேலை தேட முடியும்? தங்கச்சிமடத்திலிருந்து நாலு தடவை மதுரைக்கு நேர்காணலுக்குப் போய் வந்தால் பஸ் காசுக்கே போய்விடும். தொழில் தொடங்குகிறவருக்கு ஆறு மாதம் சேர்த்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

பனைக்குளம் டு பெர்லின் | ஏப்ரல் 23, காலை 11.48

நீங்கள் கடைசியில் கேட்டது இங்கே ஜெர்மனியில் இருக்கிறது. வேலை போனால், இதற்கு முன் காப்பீட்டுக்குக் கட்டியவர்களுக்கு நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67 சதவீதம் கொடுக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டே சொந்தமாகவும் வேலை செய்யலாம். வாரத்துக்கு 15 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத வருமானத்தில் 165 யூரோ வரை கை வைக்க மாட்டார்கள், அதற்கு மேல் வருவதை உதவித்தொகையில் கழித்துக்கொள்வார்கள்.

முழு நேரமாக இறங்குகிறவருக்குத் தனி மானியம் உண்டு. உதவிக்காலத்தில் குறைந்தது 150 நாள் பாக்கி இருக்கும்போதே தொடங்க வேண்டும். ஆறு மாதம் அதே தொகையோடு 300 யூரோ கூடுதல், அப்புறம் ஒன்பது மாதம் வெறும் 300. இந்தத் தொழில் ஓடும் என்று விவரம் தெரிந்த ஓர் அமைப்பிடம் சான்று வாங்கித் தர வேண்டும். அதற்குப் பிறகும் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். என் அறைத் தோழன் ஒருவன், டிசைனர்தான், தேதி பார்க்காமல் 140 நாள் பாக்கியில் போய் நின்றான். அவ்வளவுதான், கிடையாது என்றுவிட்டார்கள்.

சரி, ஊர்க் கதைக்கு வாருங்கள். இங்கே இருப்பதைச் சொல்லி அங்கே ஆகப்போவது ஒன்றும் இல்லை.

சாயல்குடி ரிட்டர்ன் | ஏப்ரல் 23, மதியம் 2.30

இடையில் புகுந்து என் சந்தேகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிரின்ட் டிசைனராக மூன்று வருடம் இருந்தேன். சம்பளம் 18,500, அதில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தார்கள். போன மாதம் ஆர்டர் இல்லை என்று எங்கள் பிரிவில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். இஎஸ்ஐயில் வேலை போனவர்களுக்குப் பணம் உண்டு என்கிறார்களே, நிஜமா?

சேதுக்கரை | ஏப்ரல் 23, மாலை 5.02

நிஜம்தான். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று பெயர், 2018 ஜூலையில் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதிகபட்சம் 90 நாளுக்கு. முதலில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம் என்று இருந்ததை கொரோனா சமயத்தில் 50 சதவீதமாக்கி, அதை அவ்வப்போது நீட்டித்து வந்தார்கள். எழுதிப் போடும் அன்றைக்கு எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள். குறைந்தது இரண்டு வருடம் இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும், உனக்கு மூன்று இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையில் அனுப்பப்பட்டவர்களுக்குக் கிடையாது.

உனக்கும் அதே பேச்சுதான். அந்த 90 நாளும் வேலையில்லாமல் இருப்பவருக்கான பணம் அது. அதை வாங்கி முடித்துவிட்டு அப்புறம் கடையைத் திற. அதுவரை மாதிரி டிசைன்கள் செய்து சேர்த்து வை, அதற்கு யாரும் காசு தரப்போவதில்லை, தடையும் இல்லை. தங்கச்சிக்கு நான் சொல்வதற்கு நேர்மாறாக உனக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. 18,500இல் பாதி மூன்று மாதம் வந்தால் ஏறக்குறைய 27,750. மாதம் 600 வேறு, இது வேறு.

கீழக்கரை லாத்தா | ஏப்ரல் 23, இரவு 9.40

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி, ஒன்பது வருடமாக வீட்டிலிருந்தே டிசைன் செய்கிறேன். எல்லோரும் 600 ரூபாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். உனக்குப் பாக்கி இருப்பது 18 மாதம், மொத்தம் 10,800 ரூபாய். அதாவது நாலு லேபிளும் கொஞ்சமும். அதற்காக ஒன்றரை வருடம் வந்த வேலையை எல்லாம் தட்டிக்கழிப்பாயா? ஒளித்துச் செய்தாலும் நஷ்டம்தான். செய்த வேலையை ஸ்டேட்டஸில் போட முடியாது, பில் கொடுக்க முடியாது, ஜிபே வாங்கப் பயம். விளம்பரம் இல்லாமல் எந்த டிசைனர் பிழைத்திருக்கிறார்?

நிறுத்தச் சொல்லிக் கடிதம் கொடு. ஆனால் கொடுப்பதற்கு முன் இந்தக் கரையில் இந்தத் தொழில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள். யாரும் இதைச் சொல்லவில்லை.

இங்கே டிசைனுக்குத் தனியாகக் காசு கொடுக்கிற பழக்கமே இல்லை. ஃபிளெக்ஸ் கடையில் சதுர அடிக்குக் காசு வாங்கிக்கொண்டு டிசைனை இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். பிறந்தநாள், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று அந்த வேலைக்குப் போட்டியாகப் போகாதே. கண்ணீர் அஞ்சலி ராத்திரி 11 மணிக்கு வரும், விடிவதற்குள் கட்ட வேண்டும் என்பார்கள். போட்டோ வாட்ஸ்அப்பில் தபால்தலை அளவுக்கு வரும், அதை எட்டடிக்கு இழுக்க வேண்டும். நானும் இரண்டு வருடம் செய்தேன், கண்தான் கெட்டது.

கடை வாசலைத் தாண்டி வெளியூர் போகிற சரக்கைப் பிடி. கருவாடு, கருப்பட்டி, முண்டு மிளகாய். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறம்தான், சாக்கில் போட்டு விற்றவர்கள் நல்ல பாக்கெட் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்கள். பொட்டலம் கட்டி விற்கிறவருக்கு ஃபிளெக்ஸ்காரர் போட்டியில்லை, ஏனென்றால் லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், நிகர எடை, விலை, பொதி செய்த தேதி, எது வரை பயன்படுத்தலாம், தயாரிப்பவர் முகவரி, எல்லாம் வேண்டும். கருவாடு அசைவம், அதற்கான குறியும் வேண்டும். பழைய பழக்கத்தில் பழுப்பு வட்டம் போட்டுவிடாதே. இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். நான் ஒரு தடவை வட்டத்தோடு 2000 லேபிள் அடிக்கவிட்டு என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அப்புறம் எழுத்து. அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், உனக்கு வாடிக்கையாளர் அனுப்புவது யூனிகோட். அப்படியே ஒட்டினால் 'ஸ்ரீ' பிய்ந்து தனித்தனியாக நிற்கும், 'தொண்டி'யில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் ஓடும். பழைய கோரல்டிராவாக இருந்தால் இன்னும் மோசம். எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்று, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார், அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கு. திரையில் பார்த்தது போதாது, தாளில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வேறு யாரையாவது படிக்கச் சொல். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

பாதிப் பணம் முதலில், மீதி வந்த பிறகுதான் ஒரிஜினல் ஃபைல். லாட்ஜ் வேலையில் இதை மறக்காதே. எனக்கு ஒரு லாட்ஜிலிருந்து வர வேண்டிய 4000 ரூபாய் மூன்று ஆடி அமாவாசையாக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கூட்டம் முடியட்டும் என்கிறார்.

மண்டபம் மச்சான் | ஏப்ரல் 23, இரவு 9.58

லாத்தா, அந்த லாட்ஜ் எது என்று சொல்லுங்கள், நான் போய்க் கேட்கிறேன் 😄

கீழக்கரை லாத்தா | ஏப்ரல் 23, இரவு 10.04

வேண்டாம் தம்பி, நீ போனால் 8000 கேட்பாய்.

தங்கச்சிமடம்காரி | ஏப்ரல் 24, காலை 8.20

லாத்தா, கைக்காசில் மறுபடி அடித்தீர்கள் என்றதைப் படித்துவிட்டு என் கோப்பைத் திறந்து பார்த்தேன். வட்டம்தான் போட்டிருக்கிறேன்!

சேதுக்கரை அண்ணன், அம்மா கேட்கச் சொன்ன கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. நிறுத்தச் சொன்னால் பதிவு போய்விடுமா? இரண்டாவது, கடன் எடுத்து நல்ல கணினி வாங்கலாமா என்று அண்ணன் கேட்கிறான். மானியம் இருக்கிறதாமே.

சேதுக்கரை | ஏப்ரல் 24, மதியம் 1.15

அம்மாவிடம் சொல், பதிவு வேறு, உதவித்தொகை வேறு. உதவித்தொகையை நிறுத்தினால் பதிவு அழியாது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே வந்தால் சீனியாரிட்டி அப்படியே இருக்கும். புதுப்பிக்க மறந்து விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடிதம் ஒரு பக்கம் போதும். பதிவு எண், உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கு எண், இன்ன தேதி முதல் சுயதொழில் தொடங்குவதால் நிறுத்திக்கொள்ளவும், பதிவு தொடர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்துப் போ, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வை. கடிதம் முதலில், பில் அடுத்து. வரிசை மாறக் கூடாது.

கடன் விஷயம். மாவட்டத் தொழில் மையம் வழியாக வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டம் ஒன்று உண்டு, எட்டாம் வகுப்புப் படித்திருந்தால் போதும், 25 சதவீத மானியம். மத்திய அரசின் பிஎம்இஜிபி என்ற சுயதொழில் கடன் திட்டமும் உண்டு. இரண்டிலும் மானியம் ஒரு பக்கம் என்றாலும் மீதி வங்கிக் கடன், மாதாமாதம் கட்ட வேண்டும். எனக்கு இதில் ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு: கையில் மூன்று வாடிக்கையாளர்கூட இல்லாதவர் கணினிக்குக் கடன் வாங்கக் கூடாது. படகு வாங்குகிறவர் கடலைப் பார்த்துவிட்டு வாங்குகிறார். நீ முதலில் பழைய லேப்டாப்பிலேயே பத்து லேபிள் செய்.

உத்யம் என்ற சிறுதொழில் பதிவைச் செய்துகொள், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. கூகுளில் தேடினால் முதலில் வருகிற சில தளங்கள் 1500, 2000 என்று கேட்கும், அரசு தளம் இல்லை அது.

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 24, மாலை 6.33

வரி பற்றி இரண்டு வரி. ஜிஎஸ்டி, சேவைக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால்தான். வெளி மாநிலத்து ஆளுக்கு வேலை செய்தால் முதல் ரூபாயிலிருந்தே பதிய வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். சேவைக்கு அந்த விதியை 2017 அக்டோபரிலேயே தளர்த்திவிட்டார்கள்.

வருமான வரியில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறை குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் உள்ளலங்காரம் இருக்கிறது, கிராஃபிக் டிசைன் என்று பெயர் சொல்லி இல்லை. உன் வரவுக்கு இப்போதைக்கு வரியே வராது, சண்டையை எங்களிடம் விட்டுவிடு. தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்து, வந்ததை எல்லாம் அதில் போடு. ஒரு நோட்டில் பில் எண், தேதி, பெயர், தொகை எழுது.

இன்னொன்று. மகளிர் குழு தருகிற பணத்துக்கும் பில் கொடு. அவர்களும் கணக்கு காட்ட வேண்டியவர்கள். சித்திதானே என்று விடாதே.

தங்கச்சிமடம்காரி | ஜூன் 9, இரவு 9.25

பாதியில் விட்டுவிட்டுப் போனதற்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 28ஆம் தேதி ராமநாதபுரம் போய்க் கடிதம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "நிறுத்தச் சொல்லி வருகிறாயா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டு, என்ன தொழில் என்றார். சொன்னேன். அவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அலுவலகத்து வாசலிலேயே விலை சொல்ல வெட்கமாக இருந்தது, எண் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.

நெத்திலி லேபிள் முடிந்து அச்சாகிவிட்டது. முக்கோணம் போட்டேன், பில் எண் 1 சித்தி குழுவுக்கு. லாட்ஜ் வேலைக்குப் பாதி முன்பணம் கேட்டேன், அதோடு அவர்கள் பேசவில்லை.

இங்கே யாரும் எச்சரிக்காத ஒரு தப்பும் நடந்தது. லேபிளுக்கு இணையத்திலிருந்து நெத்திலிப் படம் என்று ஒன்றை எடுத்துப் போட்டிருந்தேன். லாத்தா சொன்னபடி தாளில் ஒரு பிரதி எடுத்து அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் எழுத்தைப் பார்க்கவே இல்லை. "இது சாளை" என்றார். நெத்திலிக்கு வாய் கண்ணுக்குப் பின்னால் வரை கிழிந்திருக்குமாம், பக்கவாட்டில் ஒரு வெள்ளிக் கோடு ஓடுமாம். அப்படியே எழுந்து போய் அம்மா காயவைத்திருந்ததில் ஒன்றை எடுத்து வந்து என் கீபோர்டு மேலேயே வைத்தார். அதைப் பார்த்து நானே வரைந்தேன். நாலு தடவை திருத்தச் சொன்னார், வால் மட்டும் இரண்டு தடவை.

கீழக்கரை லாத்தா | ஜூன் 9, இரவு 9.41

மாஷா அல்லாஹ். ஒன்பது வருடத்தில் என் லேபிளை மீனவர் யாரிடமும் நான் காட்டியதில்லை. என் பழைய ஃபைல்களைத் திறக்கவே பயமாக இருக்கிறது. அந்தப் படம் விற்பனைக்கா?

தங்கச்சிமடம்காரி | ஜூன் 9, இரவு 9.50

லாத்தா, உங்களுக்குப் பாதி விலை. சீலாவுக்கு இப்போதுதான் கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். தடை 14ஆம் தேதியோடு முடிகிறது, அப்பா படகு ஏறிவிட்டால் வாரத்தில் மூன்று ராத்திரி கடலில்தான். அதற்குள் பல் வரிசையைக் காட்டிச் சரி வாங்கிவிட வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.